முக்காடும் மரக்காலும்



கடந்த இரண்டு வாரங்களாக ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உங்களில் சிலர் என் காரின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "லைட் ரெண்டும் புதுசா மாத்திட்டீங்களா பாஸ்டர்?" என்று கேட்டீர்கள். மாற்றவில்லை. அவை பழைய விளக்குகளே. அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்ல எனக்குத் துணிவு இல்லாதிருந்தது. ஆகவே இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன். இதில் வரும் சகோதரியிடம் அனுமதி பெற்றிருக்கிறேன். "எழுதுங்க பாஸ்டர், ஆனா பேரு மட்டும் வேணாம்" என்றார்.

எர்ணாவூரில் கார் வைத்திருப்பது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மாலையில் விரலை வைத்தால் கருப்பாக ஒட்டும். கிழக்கே கடலின் உப்புக்காற்று. வடக்கே அனல்மின் நிலையங்களின் சாம்பல். துறைமுகங்களுக்குப் போகும் ட்ரெய்லர்கள் எழுப்பும் புழுதி. இக்காலத்துக் கார்களின் முகப்பு விளக்கு கண்ணாடியால் ஆனதன்று. அது பாலிகார்பனேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். அதன்மேல் தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய காப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். வெயிலின் புறஊதாக் கதிர்கள் அந்தப் பூச்சை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன; புழுதி அதைக் கீறுகிறது. பிறகு உள்ளிருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளடிக்கத் தொடங்குகிறது. என் காருக்கு வயது பதினொன்று. இரண்டு விளக்குகளும் காமாலைக் கண்கள்போல் ஆகிவிட்டிருந்தன.

வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் வாகன அலங்காரக் கடையில் வேலை செய்கிறார். அவரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனதோடு அடுத்த சனிக்கிழமையே இரண்டு சுருள்களுடன் போதகர் இல்லத்துக்கு வந்துவிட்டார். ஒன்று நிறமற்ற காப்புத் தாள். மற்றொன்று புகைநிறத் தாள். வாலிபர்கள் அதை 'ஸ்மோக்' என்கிறார்கள்.

அவர் சொன்னது இது: "ஐயா, நிறமில்லாதது ஒட்டணும்னா முதல்ல மஞ்சளைத் தேய்ச்சு எடுக்கணும். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். இது ஒட்டினா தேய்க்கவே வேணாம். மஞ்சள் வெளியே தெரியாது. பாக்கவும் சும்மா கெத்தா இருக்கும்."

நான் இரண்டாவதைத் தெரிந்துகொண்டேன். காரணம் நேரமின்மை என்று அவரிடம் சொன்னேன். அது பாதி உண்மை. அடுத்த வாரம் போதகர்களின் கூடுகை ஒன்று இருந்தது. அங்கே வந்து நிற்கும் கார்களின் நடுவில் என் காமாலைக் கண்கள் எனக்கு வெட்கமாயிருந்தன. ஐம்பது வயதைக் கடந்தவன், வேதசாஸ்திரப் பட்டம் பெற்றவன், தாழ்மையைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் செய்தவன், காரின் கண்ணைப் பற்றி வெட்கப்பட்டான். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ஒட்டும் வேலை உண்மையில் இன்பமாகவே இருந்தது. விளக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தோம். தாளை விளக்கின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டினோம். ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி குழந்தைகளுக்கான ஷாம்பூ கலந்து விளக்கின்மேலும் தாளின் பசைப்பக்கத்தின்மேலும் தெளித்தோம். ஈரம் இருக்கும்வரை தாள் வழுக்கிக்கொண்டு இடம் மாற்றிக்கொள்ள விடும். சரியான இடத்தில் அமர்ந்தபின், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ரப்பர் தகட்டால் தண்ணீரைத் தள்ள வேண்டும். வளைவுகளில் என் மனைவியின் முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் தாள் இளகிப் படிகிறது. ஓரங்களைக் கூரிய கத்தியால் வெட்டினோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மஞ்சள் போய்விட்டது, போகவில்லை, தெரியவில்லை. தூர நின்று பார்த்தபோது என் பழைய காருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டதுபோல் ஒரு மிடுக்கு வந்திருந்தது. மறுநாள் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய மாலை அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி மட்டும் வாசற்படியில் நின்று, "ராத்திரி வெளிச்சம் பத்துமா?" என்று கேட்டார். "பத்தும்" என்றேன். சோதித்துப் பார்க்காமலே சொன்னேன்.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஒரு வியாழக்கிழமை அதிகாலை மூன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. இராயபுரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மரணம். உடனே புறப்பட்டு எண்ணூர் விரைவுச் சாலை வழியாகத் தெற்கே போனேன். இடப்பக்கம் கடல். சாலையின் ஓரத்தில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. எதிரே வந்த லாரிகளின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. அது கடந்துபோன மறுகணம் சாலை முழு இருளாயிற்று. என் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவை சாலையில் எதையும் எழுதவில்லை. இந்த நேரத்தில் அந்தச் சாலையில் யார் நடப்பார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். காசிமேட்டு ஏலத்துக்குப் போகிற நம் மீன்காரச் சகோதரிகள் நடப்பார்கள். ஷேர் ஆட்டோ நிற்கும் இடம்வரை, ட்ரெய்லர்கள் ஓரத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், அவர்கள் சாலைக்குள்தான் நடந்தாக வேண்டும்.

இரண்டு ட்ரெய்லர்களின் நடுவிலிருந்து ஒருவர் வெளிப்பட்டார். பிரேக்கை அழுத்தி வலப்பக்கம் ஒடித்தேன். ஏதோ ஒன்று பக்கக் கண்ணாடியில் மோதி ஓங்கிய சத்தம் கேட்டது. இறங்கி ஓடினேன். ஒரு அன்னக்கூடை உருண்டு ட்ரெய்லரின் சக்கரத்தடியில் போய் நின்றது. ஒரு பெண் தரையில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து காசுகள் சிதறிக் கிடந்தன. கைப்பேசியின் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில் அமரும் நம் சகோதரி.

என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "பார்த்து வரக் கூடாதாம்மா?"

அடிபட்டதா என்றுகூட அதன்பின்பே கேட்டேன்.

அவர் எழுந்து நின்று, "மன்னிச்சுக்கோங்க பாஸ்டர். வண்டி வர்றது தெரிஞ்சுது. லைட்டு மங்கலா இருந்துச்சு, தூரத்துல வருதுன்னு நினைச்சு ரோட்டுல கால வெச்சுட்டேன்" என்றார்.

மங்கிய விளக்கு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். இதைக் கண்ணின் இயல்பை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் இந்த வயதில், அந்த இருட்டில், ஒரு மீன்காரச் சகோதரியிடம் கற்றேன். விளக்கு எனக்குப் பாதையைக் காட்டுவதற்காக இருக்கிறது என்று மட்டுமே அதுவரை எண்ணியிருந்தேன். நான் எவ்வளவு அருகில் வந்துவிட்டேன் என்பதை எதிரில் இருப்பவருக்குச் சொல்வதும் அதுவே. என் விளக்கு அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது.

முழங்கை சிராய்த்திருந்தது, மணிக்கட்டு லேசாக வீங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன் என்றேன். ஏலம் தவறிவிடும், வேண்டாம் என்றார். காசைப் பொறுக்கிக் கொடுத்தேன். அன்னக்கூடையின் விளிம்பு நெளிந்திருந்தது. அவரைக் காசிமேட்டில் இறக்கிவிட்டு மரண வீட்டுக்குப் போனேன். அங்கே இருபத்துமூன்றாம் சங்கீதத்தை வாசித்தேன். இருளின் பள்ளத்தாக்கைப் பற்றிய வசனத்துக்கு வந்தபோது குரல் இடறியது. துக்கத்தினால் என்று வீட்டார் எண்ணியிருப்பார்கள்.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதுவதே கடினமாயிருக்கிறது. ஒன்றும் செய்யவில்லை. பதினொரு நாட்கள் ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் துணிக்கட்டுடன் வந்தார். பெண்கள் கேட்டதற்கு, "ரோட்டுல தடுக்கி விழுந்துட்டேன்" என்றாராம். என் மனைவி மதிய உணவின்போது, "பாவம் அந்தக்கா, கூடை தூக்கவே முடியலையாம்" என்றார். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்படியா" என்றேன். அந்த 'அப்படியா' என்ற ஒரு சொல்லை நான் இன்னும் பல ஆண்டுகள் மறக்கமாட்டேன். அவர் என்னை மறைத்துக் காத்தார். நான் என்னை மறைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் வெளியே தெரியும் வேறுபாடு எதுவுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்குரிய வேதபாடம் மலைப்பிரசங்கத்திலிருந்து, மத்தேயு 5ஆம் அதிகாரம். விளக்கை ஏற்றி மரக்காலின் கீழே வைக்கமாட்டார்கள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. எத்தனையோ முறை பிரசங்கித்த பகுதிதான். நம் வேதாகமத்தில் 'மரக்கால்' என்று இருப்பது கிரேக்க மூலத்தில் 'மோதியோஸ்'. ரோமர்கள் தானியம் அளந்த பாத்திரம். ஏறத்தாழ ஒன்பது லிட்டர் கொள்ளும். நம் பாட்டிமார் நெல் அளந்த மரக்காலை நினைத்துக்கொண்டால் போதும். நான் இதுவரை சொல்லிவந்தது, விளக்கை மூடுவது மூடத்தனம், யாரும் செய்யமாட்டார்கள் என்பதே. அன்று இரவு எழுத உட்கார்ந்தபோது ஒன்று உறைத்தது. மரக்கால் அருவருப்பான பொருளன்று. அது வீட்டில் மதிப்பாக வைக்கும் பாத்திரம். மனிதன் தன் விளக்கைக் குப்பைக்கூடையால் மூடுவதில்லை. தனக்குப் பெருமை தரும் ஒன்றாலேயே மூடுகிறான். ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். தெருவிளக்கின் கீழே என் கார் மிடுக்காக நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பிரசங்கத்தை எழுத முடியவில்லை. மறுநாள் மாலை சுனாமி குடியிருப்பில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன்.

போய்ச் சேர்ந்ததையும் அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். இரண்டு முறை அந்தப் படிக்கட்டின் கீழே நின்று திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். உள்ளே போய், "அன்றைக்குத் தப்பு என்னுடையதும்மா. என் விளக்கின்மேல் கருப்புத் தாள் ஒட்டியிருந்தேன். உங்களைப் பார்த்து வரச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன். அவர் தேநீர் வைக்க எழுந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் பாஸ்டர். கூடைய எடுக்கக் குனிஞ்சப்ப உங்க லைட்டத்தான் பார்த்தேன். எங்க வீட்டுப் பையனும் அதே மாதிரி பைக்ல முன்னாடி, பின்னாடி ரெண்டுலயும் ஒட்டியிருக்கான். யார்டுல நைட் டூட்டி. கிழிச்சுப் போடுடான்னு எத்தினி தடவ சொல்லியிருப்பேன். 'பாஸ்டரே ஒட்டியிருக்காரு, உனக்கு என்ன'ங்கிறான். நீங்க ஒருவாட்டி அவங்கிட்ட சொல்லுங்க."

மன்னிப்புக் கேட்கப் போனவனிடம் அவர் கேட்டது இது ஒன்றுதான். மருத்துவச் செலவுக்கு என்று கொண்டுபோன உறையை வாங்கவில்லை. நெளிந்த அன்னக்கூடைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தபோது, அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே தாளை உரித்தேன். சூடு காட்டி, ஓரத்தைத் தூக்கி, படுக்கைவாட்டில் மெதுவாக இழுத்தால் முழுதாக வந்துவிடும். அவசரப்பட்டால் கிழிந்து பசை தங்கும். வீட்டில் செய்ய நினைக்கும் வாலிபர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தங்கிய பசையைப் போக்கப் பெட்ரோலோ தின்னரோ தொடாதீர்கள், பாலிகார்பனேட்டில் நுண்ணிய வெடிப்புகள் விழும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பொறுமையுமே போதும். தாளின் அடியில் மஞ்சள் அப்படியே இருந்தது. அது எங்கும் போயிருக்கவில்லை.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். அந்தத் தம்பியே வந்து உதவினார். விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ட்டை மறைக்க டேப் ஒட்டினோம். 800ஆம் எண் வாட்டர் பேப்பரால் தொடங்கி, 1500, 2000, 3000 என்று வரவர நுண்மையான தாள்களால், தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்த்தோம். முதல் சுற்றில் வழிகிற தண்ணீர் மஞ்சள்பால்போல் இருக்கும். அது வெள்ளையாக மாறும்வரை விடக்கூடாது. ஆச்சரியம் என்னவென்றால், முதல் தாளால் தேய்த்து முடிக்கும்போது விளக்கு முன்னைவிட மோசமாக, ஒன்றும் தெரியாத வெண்படலமாக ஆகிவிடுகிறது. கெடுத்துவிட்டோமோ என்று எனக்குப் பயம் வந்தது. "இன்னும் மூணு பேப்பர் இருக்கு ஐயா, பயப்படாதீங்க" என்றார் தம்பி. கடைசியில் பாலிஷ் போட்டுத் துடைத்தபோது உள்ளிருக்கும் பல்பின் கம்பிவரை தெரிந்தது. கை மூன்று நாள் வலித்தது. தேய்க்கும்போது பழைய காப்புப் பூச்சும் போய்விடுவதால், வெறுமனே விட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும். அதற்காகவே அந்த நிறமற்ற தாள். அது புறஊதாக் கதிரையும் புழுதியையும் தாங்கிக்கொள்கிறது, வெளிச்சத்தை மறிப்பதில்லை. ஆகையால் விளக்கின்மேல் தாள் ஒட்டுவதே பாவம் என்று யாரும் வீட்டில் பிள்ளைகளிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார் ஜன்னல்களில் கருப்புத் தாள் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்போது சாலையோரங்களில் காவலர்கள் தாளை உரித்ததைப் பார்த்திருக்கிறோம். அது ஜன்னலுக்குத்தான், விளக்குக்கு இல்லையே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 105ஆம் விதி, இரவில் முன்னே 155 மீட்டர் தூரத்தில் சாலையில் இருக்கும் மனிதர்களும் வாகனங்களும் தெளிவாகத் தெரியும்படி விளக்கு எரிய வேண்டும் என்கிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்பது வினாடிகள் ஆகும். அன்று அதிகாலை எனக்கு ஒரு வினாடிகூட இருக்கவில்லை. அந்த விதி வாகனங்களை மட்டும் சொல்லாமல் மனிதர்களையும் சொல்வதை நான் கவனித்தேன். சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் சாலையில் நடக்கும் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார்.

உங்களில் பெரியவர்கள் ஒன்று கேட்பீர்கள்: "அந்தக் காலத்தில் பஸ், லாரி லைட்டுக்கெல்லாம் மேல்பாதியில் கருப்புப் பெயின்ட் அடிப்பார்களே, அதுவும் மறைப்பதுதானே?" நியாயமான கேள்வி. என் சிறுவயதில் நானும் பார்த்திருக்கிறேன். இப்போதும் போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி முகப்பு விளக்கில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் காணலாம். பிரான்சு நாட்டில் 1930களின் இறுதியிலிருந்து 1993வரை கார்களின் முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் எரிய வேண்டும் என்று சட்டமே இருந்தது. எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க என்பது அவர்கள் எண்ணம். இன்றைய விளக்குகளில் தாழ்வெளிச்சத்துக்குள்ளேயே மேல்விளிம்பு வெட்டப்பட்டிருப்பதால் அந்தக் கருப்புப் பொட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. இறக்கி எரிக்க வேண்டிய இடத்தில் இறக்கி எரித்தால் போதும். ஆயினும் அந்தக் கருப்புப் பொட்டின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். அது பிறர் கண்ணுக்காக வைத்த மறைப்பு. நான் ஒட்டியது என் முகத்துக்காக வைத்த மறைப்பு.

இந்த இடத்தில் யாத்திராகமம் 34ஆம் அதிகாரம் எனக்குப் புதிதாகத் திறந்தது. மோசே சீனாய் மலையிலிருந்து இறங்கி வரும்போது அவர் முகம் பிரகாசித்தது. ஜனங்கள் அருகில் வரப் பயந்தார்கள். அவர் முகத்தின்மேல் முக்காடு போட்டுக்கொண்டார். அந்த முக்காட்டைக் குறிக்கும் 'மஸ்வே' என்ற எபிரெயச் சொல் பழைய ஏற்பாட்டில் இந்த அதிகாரத்தைத் தவிர வேறெங்கும் வருவதில்லை. ஜனங்களோடு பேசி முடியும்வரை முக்காடு போட்டிருந்தார் என்று 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு கொண்டது. 1885இல் வந்த திருத்தப்பதிப்பு, பேசி முடித்தபின் போட்டுக்கொண்டார் என்று மாற்றியது. எபிரெய மூலம் இரண்டாவதற்கே இடம் தருகிறது என்று இறையியல் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் பாடம் நடத்தியபோது, ஒரு வினைச்சொல்லின் காலத்துக்காக இவ்வளவு நேரமா என்று நாங்கள் பின்வரிசையில் நெளிந்தோம். இப்போது புரிகிறது. மோசே கர்த்தரிடம் போகும்போதும் முக்காடு இல்லை. கர்த்தருடைய வார்த்தையை ஜனங்களுக்குச் சொல்லும்போதும் முக்காடு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபின்பே அது வருகிறது. ஊழியத்தின் நேரத்தில் அவர் முகம் வெளியரங்கமாயிருந்தது.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இதே முக்காட்டை எடுத்துக்கொண்டு இன்னும் கூர்மையாக ஒன்று சொல்கிறார். மறைந்துகொண்டிருந்த ஒரு மகிமையின் முடிவை ஜனங்கள் பார்க்காதபடிக்கு அந்த முக்காடு இருந்தது என்கிறார். மோசேயின் தாழ்மையை அறிந்த நமக்கு இந்த விளக்கம் சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். எனக்குப் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. மஞ்சளடித்த விளக்கின்மேல் தாள் ஒட்டியபின் அப்படித் தோன்றவில்லை. அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, வெட்கத்தினால் மறைத்துவைக்கும் காரியங்களைத் தள்ளிவிட்டோம் என்று பவுல் எழுதுவது, முக்காட்டைப் பற்றிய அந்தப் பேச்சின் தொடர்ச்சியே. அதிகாரப் பிரிவு நடுவில் வந்துவிட்டதால் நாம் அதைத் தனியாக வாசித்துவிடுகிறோம்.

சென்ற ஞாயிறு அந்த மத்தேயு பகுதியைப் பிரசங்கித்தபோது நான் இதையெல்லாம் சொல்லவில்லை. அவரிடம் அனுமதி கேட்டிருக்கவில்லை. மூன்றாம் வரிசையில் கட்டில்லாத கையோடு அவர் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கே வெளிச்சம் பத்துமான்னு கேட்டேன்ல" என்றார். அதோடு, மறுநாள் காலை அந்தச் சகோதரியின் வீட்டுக்குத் தாமும் ஒருமுறை போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி ஒரு அறிவிப்பு. வருகிற ஞாயிறு காலை ஆராதனைக்குப் பின், ஆலய வளாகத்தில் வேப்பமரத்தடியில், விளக்குகளில் புகைநிறத் தாள் ஒட்டியிருக்கும் வண்டிகளிலிருந்து அதை உரிக்கும் வேலையை வைத்திருக்கிறோம். மஞ்சளடித்த விளக்குகளையும் தேய்த்துக் கொடுப்போம். அந்தத் தம்பி முடி உலர்த்தும் கருவியும் பாலிஷும் கொண்டுவருகிறார். வாட்டர் பேப்பர் வாங்கியாயிற்று. இரண்டு வாளிகளும் பழைய பருத்தித் துணிகளும் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள். இருசக்கர வாகனங்களின் பின்விளக்கில் தாள் ஒட்டியிருப்பவர்கள் முதலில் வாருங்கள். ட்ரெய்லர்களுக்கு முன்னே நீங்கள் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்.

யார்டில் இரவு வேலை செய்யும் அந்தச் சகோதரியின் மகனைச் சனிக்கிழமை இரவு எர்ணாவூர் மேம்பாலத்தின் அருகே தேநீர்க் கடையில் பார்த்தேன். என் காரின் விளக்குகளைக் கவனித்திருந்தார். "கழட்டிட்டீங்களா பாஸ்டர்?" என்றார். ஏன் கழற்றினேன் என்பதை அங்கேயே, அவர் நண்பர்கள் இருவர் முன்னிலையில் சொன்னேன். தம் தாய்க்கு அடிபட்டது என் காரினால் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. அவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். பின்விளக்கு பாலத்தின் ஏற்றத்துக்கு முன்பே கண்ணுக்கு மறைந்தது. ஞாயிறு வருவாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், எனக்காகவும்.